ரெண்டு பலகை எடது

ஒன்பதா அங்கிள்? ஒன்பது இப்போது கையில் இல்லை. எட்டு இருக்கிறது, பதினொன்று இருக்கிறது. எட்டுக்குள் உங்கள் கால் போகாது. பதினொன்றைப் போட்டால் பந்தோடு சேர்ந்து சப்பாத்தும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈப்போவில் பௌலிங் ஆட வருகிற எல்லா அப்பாக்களுக்கும் ஒன்பதாம் நம்பர் கால்தான் போல. ஆறாவது லேனில் ஒரு கூட்டம் கடைசி ஆட்டத்தில் இருக்கிறது. அவர்கள் முடித்ததும் சூடாக ஒரு ஜோடி வரும், மருந்தடித்துத் தருகிறேன். அதுவரை இந்த முக்காலியில் உட்காருங்க. உங்கள் மகளுடைய பிறந்தநாள் கூட்டம் நீங்கள் இல்லாமலே நன்றாகத்தான் கத்திக்கொண்டிருக்கிறது.

"வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. வெள்ளை நிறக் காரின் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. உரிமையாளர் உடனே கீழ்த்தளத்துக்கு வரவும்."

ஐயோ, எழுந்திருக்காதீங்க! நான்தான் அது. மைக் எல்லாம் இல்லை, பாருங்க, வெறும் கை. உள்ளங்கையைக் குவித்து மூக்கால் பேசினால் இந்தக் கட்டடத்து அறிவிப்பு அம்மா வந்துவிடுவார். இன்றைக்கு நீங்கள் நாலாவது ஆள். காலையில் ஒருத்தர் நிஜமாகவே கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "லைட்டு அணைஞ்சுதாம்மா இருக்கு, ரொம்ப தேங்க்ஸ்" என்றார்.

சிரிக்கிறீங்க. நல்லது. சிரிக்கிறவர்கள் இப்போதெல்லாம் குறைந்துவிட்டார்கள்.

அந்த போனை விடுங்க அங்கிள், அடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு தடவை அடிக்கும், நாலரைக்கு ஒரு தடவை அடிக்கும். பத்துத் தடவை மணியடித்து ஓய்ந்துவிடும். பார்த்தீங்களா, ஓய்ந்துவிட்டது.

எதைப் பார்க்கிறீங்க, சுவரில் இருக்கிற போட்டோவா? ஆமாம், நாட்டுக்கு ஆடின பெண்கள் அணி. நாலு பேர் சட்டையிலும் கொடி இருக்கிறது. ஓரத்தில் தொப்பியோடு நிற்கிறவர் கோச். வலது பக்கம் ஒரு பெண்ணுக்கு முகத்துக்குப் பதிலாக 'புகைபிடிக்காதீர்' ஸ்டிக்கர் இருக்கிறதே, அது நான். லோஷினி. பதினேழு வயது முடிய மூன்று வாரம் இருக்கும்போது எடுத்தது. முதலாளிக்குப் போட்டோவைக் கழற்ற மனசில்லை, என் முகத்தைப் பார்க்கவும் மனசில்லை. ஆனால் வேலை மட்டும் கொடுத்தார். "ஆடக்கூடாதுன்னுதானே தடை, சப்பாத்து குடுக்கக்கூடாதுன்னு எவனும் சொல்லலயே" என்றார். அது அவர் குரல். நல்லா வந்ததா?

தடைதான். ஒரு வருஷம். எதற்கு என்று கேளுங்க. ஊக்கமருந்து சாப்பிட்டேனா? யாரையாவது அடித்தேனா? மூன்றே வார்த்தை அங்கிள். மூன்று வார்த்தை பேசியதற்கு ஒரு வருஷம்.

முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் உருட்டுகிறாளே, அது வேறு. பெரிய போட்டியில் லேன் மேலே எண்ணெய் தடவியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயில் பந்து வழுக்கும், காய்ந்த இடத்துக்கு வந்ததும் வளையும். ஆட ஆட எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும், பந்து சீக்கிரமே வளைய ஆரம்பிக்கும். அதற்குத் தகுந்த மாதிரி நாம் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். தரை முழுக்கக் குறுகல் குறுகலான பலகைதானே, அதுதான் கணக்கு. வலது கைக்காரர்கள் எல்லாரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இடது பக்கமே நகர்ந்துகொண்டிருப்பார்கள். ஒரு பலகை, ரெண்டு பலகை. ஆட்டம் ஏற ஏற வலது பக்கம் போகிற பைத்தியம் கிடையாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பின்னால் நிற்கிற கோச்சுக்குத்தான் பந்தின் வளைவு சரியாகத் தெரியும். மற்ற நாட்டு கோச்சுகள் ஓடி வந்து காதுக்குள் சொல்வார்கள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. எங்கள் கோச் மரியதாஸ் நின்ற இடத்திலிருந்து தமிழில் சத்தமாகச் சொல்வார். அணியில் தமிழ் தெரிந்தது எனக்கும் புனிதா அக்காவுக்கும் மட்டும்தான். "நம்ம பாஷ பக்கத்து லேனுக்கு என்னா வெளங்கப் போவுது" என்பார். முதலில் தொண்டையைச் செருமுவார், பிறகு சொல்வார். கடைசியில் ஒரு 'பாத்துக்க'.

"க்கும். ரெண்டு பலகை எடது. பாத்துக்க."

கேட்டீங்களா? முள் கரண்டியால் சட்டியைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறதா? அச்சு அசல் அதுதான். உங்களுக்கு அவரைத் தெரியாது, அதனால் கை தட்ட மாட்டேன் என்கிறீங்க.

இந்தக் குரலை வைத்து நான் பண்ணாத வேலை இல்லை. போட்டி நடந்தது வெளிநாட்டில், செபுவில். பதினோரு நாடு, முப்பது வகை விளையாட்டு. வீரர்களுக்கென்று ஒரு பெரிய கட்டடம். ரெண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு ஆண்கள் அணியின் கதவையெல்லாம் தட்டினேன். கோச் குரலில், தமிழும் மலாயுமாக, "க்கும். மருந்து சோதன வந்துருக்கு. எவனும் பாத்ரூம் போவாத, அப்படியே கீழ வா." ஆறு பேர் கைலியோடு வரவேற்பு மேசை முன்னால் காலை இறுக்கிக்கொண்டு இருபது நிமிஷம் நின்றார்கள். எங்கள் மேனேஜர் மேடம் வந்து, "ஐயோ லா, வாட் இஸ் திஸ் லா, யார் சொன்னது லா?" அப்போது எல்லாரும் சிரித்தார்கள். அதைச் சொல்கிறேன். அப்போது எல்லாருக்கும் நான் வேண்டும்.

கோச் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த ஆள் என்னிடம் அதிகம் பேசியதே கிடையாது அங்கிள். புனிதா அக்காவுக்குப் பந்துக்குப் பந்து சொல்வார். அங்கே நில், இங்கே நில், மணிக்கட்டைத் திருப்பாதே. நான் திரும்பிப் பார்த்தால், "ஒனக்குக் கண்ணு இருக்குல்ல, நீயே பாரு." ரெண்டு வருஷம் இதே பதில். ஏன், நான் என்ன தெருவில் கிடந்து வந்தவளா? எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமா?

புனிதா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டோவில் என் பக்கத்தில், என் தோளில் கை போட்டுக்கொண்டு. அந்தக் கை தெரிகிறது பாருங்க, ஸ்டிக்கருக்குக் கீழே. முப்பத்து மூன்று வயது. எட்டு வயதில் ஒரு மகள். மணிக்கட்டில் அறுவை நடந்து ஒரு வருஷம் ஆடாமல் இருந்து திரும்பி வந்தவர். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம். பந்தைத் துடைத்துக்கொண்டு கோட்டில் நின்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். கோச்சுடைய 'பாத்துக்க' காதில் விழும்வரை கால் எடுக்க மாட்டார். சொன்னதும் நகர்வார், போடுவார். அவருக்கு அது கடைசிப் போட்டி. ஏதாவது ஒரு பதக்கம், வெண்கலமாக இருந்தாலும் போதும், மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற நிரந்தர வேலை. இல்லாவிட்டால் டிசம்பரோடு ஒப்பந்தம் முடிந்தது. "எனக்கு இது ஒண்ணுதாண்டி" என்று தினம் படுக்கும்போது சொல்வார். எனக்குச் சொல்கிறாரா, மேலே சுற்றுகிற மின்விசிறிக்குச் சொல்கிறாரா, தெரியாது.

இரட்டையர் ஆட்டம் நானும் அவரும். ஆளுக்கு ஆறு ஆட்டம், ரெண்டு பேர் புள்ளியையும் கூட்டுவார்கள். அன்றைக்குக் காலையில் கோச் சாப்பாட்டு மேசைக்கு வந்து வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. நாலைந்து மாதமாகவே கரகரப்புத்தான், இஞ்சி மிட்டாயாகச் சப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சுத்தமாக இல்லை. காற்று மட்டும் வருகிறது. மேனேஜர் மேடம், "வெந்நீர் குடி லா." குடித்தார். காற்று.

முதல் ஆட்டத்தில் அக்கா நூற்று நாற்பத்தெட்டு. பெரிய போட்டியில் அந்தப் புள்ளியைச் சொல்லவே வெட்கமாக இருக்கும். கோட்டில் நிற்கிறார், நிற்கிறார், கால் எடுக்க மாட்டேன் என்கிறது. நான் பக்கத்தில் போய் என் குரலில், "அக்கா, ரெண்டு பலகை எடது போங்க" என்றேன். "ஒன் வாயில என்னிக்குடி உண்ம வந்துருக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரித்தேன். நான் எப்போதும் சிரித்துவிடுவேன்.

ரெண்டாவது ஆட்டம். சும்மா, ஒரு வேடிக்கைக்குத்தான். பின்னால் போய் கோச் பக்கத்தில் நின்றுகொண்டு,

"க்கும். ரெண்டு பலகை எடது. பாத்துக்க."

அக்காவுடைய தோள் இறங்கியது அங்கிள். அப்படியே இறங்கியது. ரெண்டு பலகை நகர்ந்தார். போட்டார். லேன் கோடியில் பாட்டில் மாதிரி நிற்கிற பத்துப் பின்னும் விழுந்தது. அடுத்ததும். அடுத்ததும்.

கோச் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக விரலைக் காட்டினார். விரல் எண்ணிக்கை பலகை, கட்டை விரல் திரும்புகிற பக்கம் திசை. மூடிய முட்டி என்றால் நகராதே. அவர் காட்டுவதை நான் அவர் குரலில் சொல்ல வேண்டும். அக்கா வந்து என் கன்னத்தைப் பிடித்தார். "நீதான்னு எனக்குத் தெரியுது. ஆனா என் காலு நம்புதுடி. வெளையாடிறாத லோஷி. இது மட்டும் வெளையாட்டு இல்ல." சத்தியம் பண்ணச் சொன்னார். "க்கும். சத்தியம். பாத்துக்க" என்றேன். அக்கா சிரித்துவிட்டார். யோசித்துப் பாருங்க, கோச் குரலில் பண்ணின சத்தியம் கோச்சுடையதுதானே? விசாரணையில் இதைச் சொன்னேன். ஒருத்தரும் ரசிக்கவில்லை.

நாலாவது ஆட்டம் முடிவதற்குள் பதினான்காவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு வந்தோம். மேனேஜர் மேடம் அழுகிறார். எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒருத்தர் படமெடுக்க வந்து, "தங்கச்சி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவங்க முகத்துல நெழல் விழுது" என்றார். தள்ளி நின்றேன். என் புள்ளியும் சேர்ந்துதானே மூன்றாவது இடம்? நானும் இருநூறுக்கு மேலே போட்டுக்கொண்டிருந்தேன், தொண்டை கிழிய அந்த ஆள் மாதிரி கத்திக்கொண்டே. கோச் அக்காவுக்குத் துண்டு கொடுக்கிறார், தண்ணீர் கொடுக்கிறார். எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். தொண்டைக்கு. என் தொண்டைக்கு இல்லை, அவருடைய குரலுக்கு.

ஐந்தாவது ஆட்டத்தில் எனக்கு ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பின் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் போவது என்று திரும்பிப் பார்த்தேன். எனக்கும் ஒரு விரல் காட்டுவார் என்று. ரெண்டு விரலைத் தன் கண் பக்கம் காட்டினார். நீயே பாரு. குரல் போயும் அதே பதில்.

இடைவேளையில் அவர் கழிப்பறைக்குப் போனபோது அவருடைய குறிப்பு நோட்டைத் திறந்து பார்த்தேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் 'புனிதா', கீழே ஒரு இடம் விடாமல் அம்புக்குறி, எண், வட்டம். மறுபக்கம் 'லோஷினி'. கீழே ஒன்றுமே இல்லை. ரெண்டு வருஷ நோட்டு அங்கிள். பின்னால் திருப்பினேன், பின்னால் திருப்பினேன். எல்லாப் பக்கத்திலும் என் பெயர் இருக்கிறது, கீழே வெள்ளைத் தாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சும்மா சொன்னேன்.

ஆறாவது ஆட்டம், கடைசிச் சுற்று. நான் போட்டு முடித்துவிட்டேன். அக்கா பாக்கி. எதிராளிகள் முடித்துவிட்டார்கள், புள்ளிப் பலகையில் எல்லாம் தெரிகிறது. பத்தும் விழுந்தால் வெண்கலம். ஒன்றிரண்டு நின்று அதை அடுத்த பந்தில் தள்ளினாலும் வெண்கலம். பின்கள் பிரிந்து நின்றால் மட்டும்தான் இல்லை. அக்கா பந்தைத் துடைக்கிறார். வாயில் என்னவோ முணுமுணுக்கிறார், மகள் பெயரோ சாமி பெயரோ. கோட்டில் போய் நின்றார். முதுகு எங்களைப் பார்த்து.

கோச் கையைக் காட்டினார். அந்த இடத்தில் வெளிச்சம் சரியில்லை. கூட்டம் வேறு. கை தெளிவாகத் தெரியவில்லை. மூன்று விரல் மாதிரி இருந்தது. அதனால்,

"க்கும். மூணு பலகை வலது. பாத்துக்க."

அக்கா நகரவில்லை. ஒரு நொடி. குதிகால் மட்டும் தூக்கி, இறக்கினார். காலையிலிருந்து யாரும் வலது என்று சொல்லவே இல்லை. அவருக்கும் தெரியாதா என்ன, இருபது வருஷம் ஆடியவர். திரும்பி ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஒரே ஒரு தடவை. நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். திரும்புவார், நான் சிரிப்பேன், 'ஏய் எருமை' என்று திட்டுவார், கோச் முறைப்பார், பிறகு சரியாகச் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன் அங்கிள். ஆனால் அவர் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லையே. மூன்று பலகை வலது பக்கம் நகர்ந்தார். போட்டார்.

பந்து நேராக நடுப் பின்னின் நெற்றியில் போய் விழுந்தது. நாலு பின் நின்றது. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. நடுவில் ஒரு லாரி போகலாம்.

அப்போதுதான் திரும்பினார். "கோச், வலதா?" என்று கேட்டார். கோச்சுடைய கை இன்னும் மேலேதான் இருந்தது. முட்டி. இறுக்கி மூடின முட்டி, விரல் நகமெல்லாம் வெளுத்துப் போய். வாயைத் திறந்தார். இப்படித் திறந்தார், பாருங்க, கழுத்து நரம்பெல்லாம் தெரிகிறதா? இப்படி. சத்தம் வரவில்லை. அந்த ஆள் அலறுகிறார் அங்கிள், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பிறகு அக்கா என்னைப் பார்த்தார்.

நாலாவது இடம். மூன்று புள்ளி வித்தியாசம்.

நீங்களும் அப்படிப் பார்க்காதீங்க. முட்டி என்று சொன்னேனா? ஆமாம், முட்டி. வெளிச்சம் சரியில்லை என்றும் சொன்னேன். ரெண்டும்தான்.

ஊருக்கு வந்து மூன்றாவது வாரம் விசாரணை. நீள மேசை, மூன்று பேர், நடுவில் பழத்தட்டு. 'கை சரியாகத் தெரியவில்லை, தெரியாமல் நடந்த தவறு' என்று சொல்லி அழுதேன். என் அம்மா குரலில் அழுதேன், அது நன்றாக எடுபடும். அவர்களும் இளகிவிட்டார்கள். "சின்னப் பொண்ணுதானே" என்று ஒருத்தர் ஒரு திராட்சையைக்கூடத் தள்ளினார். தப்பித்திருப்பேன். அப்போது மேனேஜர் மேடம் ஒரு கடிதத்தை எடுத்தார். கோச் எழுதியது. அவருக்குத்தான் பேச்சு வரவில்லையே. அதில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? எனக்கு மனப்பாடம்.

'லோஷினி இதைத் தவறுதலாகச் சொல்லியிருக்க முடியாது. என் கை தெரியாவிட்டாலும் அவளுக்கு லேன் தெரியும். இந்த அணியில், எண்ணெய் எங்கே காய்ந்திருக்கிறது என்று தானாகப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என்னைவிட நன்றாகப் படிப்பாள். அதனால்தான் அவளுக்கு நான் எதுவும் சொல்வதில்லை.'

எப்படிப் போட்டுக் கொடுத்தார் பார்த்தீங்களா? ரெண்டு வருஷம் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன். முதல் தடவையாகச் சொல்கிறார், அதையும் என் கழுத்தை அறுப்பதற்குச் சொல்கிறார். இதை ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து வேனில் போகும்போது, சும்மா சொல்லியிருந்தால் என்ன? வாய் இருந்தபோது சொல்லியிருந்தால் என்ன? திராட்சையைத் தள்ளினவர் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். ஒரு வருஷம்.

அக்காவா? ரப்பர் கையுறை ஆலையில் இருக்கிறார், சிலிம் பக்கம். வருகிற கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டு நாளெல்லாம் கையுறையை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஆலைக்கு போன் பண்ணினேன். மேலதிகாரி குரலில் பேசி அவரை போனுக்குக் கூப்பிடச் சொன்னேன். வந்து "ஹலோ" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "லோஷி, வெச்சிரு" என்றார். வைத்துவிட்டேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவருக்கு வரவில்லை போல.

கோச்சுக்குத் தொண்டையில் கட்டி. ஊருக்கு வந்ததும் பார்த்தார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அது வழியாகத்தான் மூச்சு. இனிமேல் காற்றுக்கூட வார்த்தையாக வராது.

இப்போது அந்த போனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி கிரேஸ் ஆண்ட்டி இங்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே முக்காலி. "அவரு எங்கயும் பேசினதே ரிக்கார்டு இல்லம்மா. படம் புடிச்சாலே தொப்பிய இறக்கிக்கிட்டு ஓடிருவாரு. தங் கொரல் எப்படி இருந்துச்சுன்னு மறந்து போச்சாம். எழுதிக் காட்டறாரு. ஒரே ஒரு தரம் அவரு மாதிரி பேசும்மா, அவரு கேக்கட்டும்." சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டுத்தாள், அதில் அவர் கையெழுத்து: 'ஞாயிறு 4, 4.30.' அந்த நேரத்துக்கு இங்கே போன் பண்ணுவாராம்.

யோசித்துப் பாருங்க. என்னை மாட்டிவிட்டவருக்கு நான் இலவசமாக வித்தை காட்ட வேண்டுமா? சிரிக்கவாவது போகிறாரா? ஒரே ஒரு தடவை எடுத்தேன். போனில் அவர் மூச்சு மட்டும் வந்தது. எல்லாக் குரலும் வருகிற வாய் அங்கிள் இது, செருமக்கூட வரவில்லை. பிறகு அறிவிப்பு அம்மா குரலில், "நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை" என்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. வைக்கவில்லை. போனை விரலால் தட்டினார். நான் வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் தடை முடிகிறது. அதற்காக எடுக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

இதோ, ஆறாவது லேன் முடித்துவிட்டார்கள். இந்தாங்க உங்கள் ஒன்பது. கொஞ்சம் பொறுங்க, மருந்தடிக்கிறேன். நாடாவை இறுக்கிக் கட்டுங்க.

நாலரை. அடிக்கிறது.

அங்கிள், ஓர் உதவி. நீங்கள் எடுங்க. 'லோஷினி வேலைய விட்டுப் போயிட்டா'ன்னு மட்டும் சொல்லுங்க. உங்கள் குரலில் சொல்லுங்க. நான் எந்தக் குரலில் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார். என்னுடைய எல்லாக் குரலும் அந்த ஆளுக்குத் தெரியும். எடுங்க, ஏழு தடவை மணியடித்துவிட்டது.

சொல்லுங்க. ஏன் நிற்கிறீங்க? அந்தப் பக்கம் பேச்சு வரவில்லையா? வராது, அதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். இரைகிற மாதிரி இருக்கும், அது மூச்சு. சொல்லிவிட்டு வையுங்க.

என்னை ஏன் பார்க்கிறீங்க?

தட்டுகிறாரா? எத்தனை தடவை?

சரியாக எண்ணினீங்களா?

ரெண்டு. ரெண்டு தட்டு என்றால் ரெண்டு பலகை. எந்தப் பக்கம் என்று அவரைக் கேட்காதீங்க, அவரால் சொல்ல முடியாது. எடது அங்கிள். எப்போதும் எடதுதான். எனக்கு அது அன்றைக்கும் தெரியும்.